எம்.பிளான் படிக்கலாமா? நிலத்தைத் திட்டமிடும் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஃபைனல் இயர் வந்தாச்சு. பிளேஸ்மெண்ட் ஒரு பக்கம், கேட் ஒரு பக்கம், ஜி.ஆர்.இ. ஒரு பக்கம்னு ஆளாளுக்கு ஓடிக்கிட்டு இருக்கோம். இதுக்கு நடுவுல சிவில் டிபார்ட்மெண்ட்ல இன்னொரு கேள்வியும் அப்பப்போ காதில் விழும்: "மச்சி, எம்.பிளான்னா என்ன? எடுத்தா வேலை கிடைக்குமா?" கேட்கிறவனுக்கும் தெரியாது, பதில் சொல்றவனுக்கும் பாதிதான் தெரியும். ஸ்ட்ரக்சுரல் படிச்சா என்ன ஆவோம், கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மெண்ட் படிச்சா என்ன ஆவோம் என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். பிளானிங்னு சொன்னா மட்டும் வீட்டில், "பில்டிங் பிளான் போட்டுக் கொடுக்கிற வேலைதானே, அதுக்கு ரெண்டு வருஷமா?" என்று கேட்பார்கள்.

அது இல்லை. இந்தக் கட்டுரையில் அது என்ன படிப்பு, எங்கே இருக்கு, எப்படி உள்ளே போவது, சேர்வதற்கு முன் எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம். சிவில் இல்லாதவர்களும் படிக்கலாம். காரணம், இந்தத் துறை எடுக்கும் முடிவுகள் உங்கள் வீட்டுப் பத்திரம் வரைக்கும் வரும்.

முதலில், இது என்ன வேலை?

எந்த நிலம் எதுக்கு? எவ்வளவு? எப்போது? அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? லேண்ட் யூஸ் பிளானிங் என்றால் இந்த நாலு கேள்விகள்தான்.

நமக்கு இது புதுசு இல்லை. நஞ்சை, புஞ்சை, நத்தம், மேய்க்கால், ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று ஊர் நிலத்துக்குத் தாத்தா காலத்திலிருந்தே பெயர் இருக்கிறது. இவை எல்லாமே நிலப் பயன்பாட்டின் பெயர்கள்தான். இன்றைக்கு அந்த வேலையை மாஸ்டர் பிளான் என்ற ஆவணம் சட்டத்தோடு சேர்ந்து செய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி சென்னைப் பெருநகரப் பகுதியை சி.எம்.டி.ஏ.வும், மாநிலத்தின் பெரும்பாலான மற்ற பகுதிகளை டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் பார்க்கின்றன.

மாஸ்டர் பிளானில் ஒரு மேப் இருக்கும். குடியிருப்பு என்றால் மஞ்சள், தொழிற்சாலை என்றால் ஊதா, விவசாயம் என்றால் பச்சை என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம். பார்க்க டிராயிங் கிளாஸ் மாதிரி இருக்கும். ஆனால் பச்சையில் இருக்கிற ஒரு ஏக்கர் மஞ்சளாக மாறினால் அதன் விலை பல மடங்கு ஏறும். ஒருத்தர் நிலம் பச்சையிலேயே இருந்து, பக்கத்து நிலம் மட்டும் மஞ்சளானால், வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு குடும்பங்களின் கதையே வேறு வேறாகிவிடும். அந்த நிறத்தை எந்த அடிப்படையில் போடுவது என்று படிப்பதுதான் இந்தப் படிப்பு.

திட்டமிடல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். இரண்டும் நமக்குத் தெரிந்தவைதான்.

முதலாவது, அன்அப்ரூவ்டு பிளாட். 2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வயல்களைக் கூறு போட்டு, கல் நட்டு, விற்றுக்கொண்டிருந்த மனை வியாபாரம் அப்படியே நின்றது. 2017இல் வரைமுறைப்படுத்தும் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்கு அதில் வழி கிடைத்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், சீட்டுப் போட்டு, நகையை அடகு வைத்து அரை கிரவுண்டு வாங்கிய சாதாரணக் குடும்பங்கள். மனை இருக்கு, பத்திரம் இருக்கு. ஆனால் விற்க முடியாது, லோன் கிடைக்காது.

இரண்டாவது, பள்ளிக்கரணை. 1960களில் சுமார் 5,500 ஹெக்டேர் பரப்பில் இருந்த சதுப்பு நிலம் அது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கி, பிறகு கடலுக்குப் போகும் இடம். அதைப் பல காலம் பயனில்லாத நிலமாகத்தான் பார்த்தார்கள். குப்பைக் கிடங்கு வந்தது, சாலை வந்தது, ஐ.டி. கட்டடங்கள் வந்தன, குடியிருப்புகள் வந்தன. இன்று மிச்சமிருப்பது சிறு பகுதிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதைச் சுற்றியிருந்த தெருக்கள் மூழ்கின. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேரை ராம்சர் ஈரநிலமாக அறிவித்தார்கள். நிலம் சதுப்பு என்று தண்ணீருக்குத் தெரிந்திருந்தது, மேப்புக்குத் தெரியவில்லை.

எஞ்சினியர் பார்வைக்கும் பிளானர் பார்வைக்கும் என்ன வித்தியாசம்?

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரை அன்றைய சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்திருந்தார். நகரத் திட்டமிடல் பற்றிய கண்காட்சியோடு வருவதாக ஏற்பாடு. அவர் வந்து சேர்ந்தார், கண்காட்சிப் பொருள்கள் வரவில்லை. அவற்றை ஏற்றி வந்த கிளான் கிராண்ட் என்ற கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. எந்தக் கப்பல் தெரியுமா? அதற்கு முந்தைய மாதம் சென்னை மேல் குண்டு போட்டு, "சரியான எம்டன்டா அவன்" என்று நாம் இன்றும் சொல்கிற வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் போன அதே எம்டன். லண்டனில் இருந்த நண்பர்கள் மறுபடியும் பொருள்களைச் சேர்த்து அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

பிறகு கெடிஸ் மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, வீடுகளை இடித்து நேர்நேராகத் தெரு போடும் யோசனை ஒன்று இருந்தது. கெடிஸ் தெருத் தெருவாக நடந்து பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, ஆங்காங்கே சிறு திறந்தவெளிகளை உருவாக்கி, இருக்கும் சந்துகளை இணைத்தாலே போதும். செலவும் மிகக் குறைவு, வீடு இழப்பவர்களும் குறைவு என்று காட்டினார். பிரச்சினை ஒன்றுதான். ஒருவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு தொடங்கினார். இன்னொருவர் முதலில் நடந்து பார்த்தார்.

நாலு வருஷம் நாம் படித்ததெல்லாம் "இதைக் கட்டு" என்று கொடுத்த பிறகு எப்படிக் கட்டுவது என்பது. பிளானிங் படிப்பு, அதை அங்கே கட்டலாமா, யாருக்காக, கட்டாமல் தீர்க்க முடியுமா என்று ஒரு படி முன்னால் நின்று கேட்கும். இன்னொரு விஷயம், கெடிஸ் எஞ்சினியரும் இல்லை, ஆர்க்கிடெக்டும் இல்லை. அவர் உயிரியல் படித்தவர்.

அந்தப் பெயரிலேயே டிகிரி தேடாதீங்க

"லேண்ட் யூஸ் பிளானிங்" என்ற பெயரில் தேடினால் இந்தியாவில் பெரிதாக ஒன்றும் மாட்டாது. இங்கே அது எம்.பிளான் என்ற டிகிரிக்குள் இருக்கிறது. அதிலும் அர்பன், ரீஜனல், டிரான்ஸ்போர்ட், என்விரான்மெண்டல், ஹவுசிங் என்று பிரிவுகள். பெயரை வைத்து வித்தியாசம் புரியாது. அதனால் ஒரே இடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவும் என்ன கேட்கும் என்று பார்ப்போம்.

பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இடம். காஞ்சிபுரம் பக்கம், பதிமூன்று கிராமங்களின் நிலம். விவசாய நிலமும் ஏரிகளும் அடங்கிய பகுதி. ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள்.

- ரீஜனல் பிளானர் கேட்பது: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஏற்கெனவே தொழிற்சாலைகள். இந்த வளர்ச்சி இன்னும் மேற்கே போக வேண்டுமா, வேறு மாவட்டத்துக்குத் திருப்ப வேண்டுமா?
- டிரான்ஸ்போர்ட் பிளானர் கேட்பது: நகரத்திலிருந்து இவ்வளவு தூரத்துக்கு மக்கள் எதில் வருவார்கள்? மெட்ரோவா, ரயிலா, காரா? ஒவ்வொன்றுக்கும் வழியில் என்ன மாறும்?
- என்விரான்மெண்டல் பிளானர் கேட்பது: கம்பன் கால்வாய் அந்தப் பகுதி வழியாக ஓடுகிறது. அதை மாற்றினாலோ அடைத்தாலோ கீழே இருக்கிற ஏரிகளுக்கு என்ன ஆகும்? மழை நீர் எங்கே போகும்?
- ஹவுசிங் படித்தவர் கேட்பது: வீடு இழப்பவர்களுக்கு மாற்று இடம் எங்கே? நிலமே இல்லாத விவசாயக் கூலிக் குடும்பத்துக்குப் பட்டா இல்லை என்பதால் ஒன்றும் கிடையாதா?
- அர்பன் பிளானர் கேட்பது: விமான நிலையம் வரும் என்ற செய்திக்கே சுற்றி லேஅவுட் முளைக்கும். அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் என்ன?

இந்த ஐந்தில் எந்தக் கேள்வியைப் படித்ததும் உங்களுக்கு உடனே மேப்பைத் திறந்து பார்க்கத் தோன்றியதோ, அந்தப் பிரிவுதான் உங்களுக்கு. சில கல்லூரிகளில் பிரிவு இல்லாமல் பொதுவாக எம்.பிளான் இருக்கும். அங்கே தீசிஸ் தலைப்புதான் உங்கள் ஸ்பெஷலைசேஷன்.

எங்கெல்லாம் இருக்கு?

முழுப் பட்டியல் போடவில்லை. நம்ம ஆட்கள் அதிகம் யோசிக்கிற இடங்கள் மட்டும்.

அண்ணா பல்கலைக்கழகம், சென்னை: ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்கில் எம்.பிளான். தமிழ்நாட்டுச் சட்டம், சி.எம்.டி.ஏ., டி.டி.சி.பி. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது இதன் பலம்.

எஸ்.பி.ஏ. டெல்லி: 1955இல் தொடங்கிய நகர் ஊரமைப்புப் பள்ளி, 1959இல் கட்டடக்கலைத் துறையோடு இணைந்தது. மேலே சொன்ன ஐந்து பிரிவுகளும் தனித்தனியாக இருக்கின்றன. போபாலிலும் விஜயவாடாவிலும் எஸ்.பி.ஏ. இருக்கு.

ஐ.ஐ.டி. கரக்பூர், ஐ.ஐ.டி. ரூர்க்கி: கரக்பூரில் டிகிரியின் பெயர் எம்.சி.பி., அதாவது மாஸ்டர் ஆஃப் சிட்டி பிளானிங். ரூர்க்கியில் எம்.யு.ஆர்.பி. பெயர் வேறு, துறை ஒன்றுதான்.

என்.ஐ.டி. கோழிக்கோடு: பக்கத்து மாநிலம். கேரளாவில் ஊரும் நகரமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். அதைப் பார்த்துப் படிப்பது தனி அனுபவம்.

செப்ட், அகமதாபாத்: அங்கே சேர்க்கை முறை தனி. ஊரே ஒரு பாடம். குஜராத்தில் டவுன் பிளானிங் ஸ்கீம் என்ற முறையில் நிலத்தைக் கையகப்படுத்தாமல், எல்லோருடைய நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அளவு குறையும், ஆனால் சாலை வசதியோடு மதிப்பு கூடும். தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் தனியார் லேஅவுட்டும் அதில் விட வேண்டிய ஓ.எஸ்.ஆர். பத்து சதவீதமும்தான். அங்கே போய்ப் பார்த்தால்தான் வேறு வழியும் இருக்கு என்பது புரியும்.

உள்ளே போவது எப்படி?

சிவில் படித்தவர்களுக்குப் பெரும்பாலான எம்.பிளான் படிப்புகளின் கதவு திறந்தே இருக்கு. பி.ஆர்க்., பி.பிளான் முடித்தவர்களுக்கும் அப்படியே. புவியியல், பொருளாதாரம், சமூகவியல் போன்றவற்றில் முதுகலை முடித்தவர்களையும் சில இடங்களில் எடுப்பார்கள். மெக்கானிக்கல், இ.சி.இ., சி.எஸ்.இ. நண்பர்கள் ஒவ்வொரு கல்லூரியின் தகுதிப் பக்கத்தையும் வரி விடாமல் படிக்கணும். சில இடங்களில் முடியும், பல இடங்களில் முடியாது. அவர்களுக்கு ஜியோமேட்டிக்ஸ், ரிமோட் சென்சிங் படிப்புகள் இன்னொரு வழி.

கேட் தேர்வில் ஏ.ஆர். என்ற பேப்பர் ஆர்க்கிடெக்சரும் பிளானிங்கும் சேர்ந்தது. அதில் பொதுப் பகுதி போக, பி1 ஆர்க்கிடெக்சர், பி2 பிளானிங் என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்து எழுதலாம். சிவில் பேப்பர் மதிப்பெண்ணை ஏற்கும் இடங்களும் உண்டு. இப்போது ஒரே ஆண்டில் இரண்டு பேப்பர் எழுத அனுமதி இருக்கு. எந்த இரண்டைச் சேர்த்து எழுதலாம் என்ற பட்டியல் அந்த ஆண்டின் அறிவிப்பில் இருக்கும், அதைப் பாருங்கள். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். அதனால் வேலைக்குப் போய் ஒரு வருஷம் கழித்துச் சேர்வதும் சாத்தியம். என்.ஐ.டி., எஸ்.பி.ஏ. இடங்களுக்கு சி.சி.எம்.டி. கவுன்சலிங், ஐ.ஐ.டி.களுக்கு சி.ஓ.ஏ.பி. வழியாக ஆஃபர். தமிழ்நாட்டு இடங்களுக்கு சி.இ.இ.டி.ஏ.-பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு தனியாக இருக்கு. முன்பு டான்செட் வழியாக நடந்தது. 2023லிருந்து எம்.இ., எம்.டெக்., எம்.ஆர்க்., எம்.பிளானுக்கு இது.

எம்.டெக்.குக்கு வருகிற மாத உதவித்தொகை எம்.பிளானுக்கும் தானாக வரும்னு நீங்களா நினைச்சுக்காதீங்க. கல்லூரிக்குக் கல்லூரி கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

ரேங்கிங் பார்த்து முடிவெடுப்பது நமக்குப் பழகிய விஷயம். இந்தப் படிப்புக்கு அது போதாது. கீழே இருக்கிற கேள்விகளை அங்கே படிக்கும் சீனியர் ஒருவரிடம் நேராகக் கேளுங்கள். பத்து நிமிஷ போன் காலில் வெப்சைட் சொல்லாதது கிடைக்கும்.

1. போன செமஸ்டர் ஸ்டுடியோ எந்த ஊரில்? எம்.பிளானின் உயிர் ஸ்டுடியோதான். ஒரு நிஜ ஊருக்குப் போய் வீடு வீடாகச் சர்வே எடுத்து, நிலப் பயன்பாட்டு மேப் வரைந்து, அங்கே எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள், தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, திட்டம் தயாரித்து, விமர்சனத்துக்கு முன் நிற்க வேண்டும். ஊர் பெயரும் எத்தனை நாள் தங்கினார்கள் என்பதும் பதிலில் வந்தால் நல்லது. கூகுள் மேப்பிலேயே முடித்துவிட்டோம் என்று பதில் வந்தால் யோசிங்க.

2. வகுப்பெடுப்பவர்கள் யார்? எல்லோரும் ஆர்க்கிடெக்டாகவோ எல்லோரும் எஞ்சினியராகவோ இருந்தால் ஒரு குறை இருக்கு. நிலம் என்பது சட்டம், பணம், சாதி, அரசியல் எல்லாம் சேர்ந்தது. பொருளாதாரம், சமூகவியல், சட்டம் படித்த ஒருவராவது இருக்கணும்.

3. எந்த மாநிலத்தின் சட்டத்தைப் படிப்பீங்க? நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. குஜராத் சட்டம் வேறு, தமிழ்நாட்டுச் சட்டம் வேறு. இங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால், வெளியே படித்தாலும் நம்ம சட்டத்தையும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளையும் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும்.

4. ஐ.டி.பி.ஐ. அங்கீகாரம் இருக்கா? 1951இல் தொடங்கிய இந்திய நகரத் திட்டமிடுவோர் நிறுவனம் அது. வங்கி இல்லை, பெயர்தான் அப்படிக் கேட்கும். ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் இருப்பது போல் பிளானர்களுக்குச் சட்டபூர்வமான கவுன்சில் கிடையாது. அதனால் பல வேலை அறிவிப்புகளில் ஐ.டி.பி.ஐ. உறுப்பினர் தகுதியைத்தான் கேட்பார்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பு என்றால் பின்னால் சிக்கல்.

5. என்ன மென்பொருள், எவ்வளவு ஆழம்? ஜி.ஐ.எஸ். இல்லாமல் இன்று பிளானர் கிடையாது. ஒரு பேப்பரோடு முடிகிறதா, ஸ்டுடியோ முழுக்கப் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள்.

6. போன பேட்ச் இப்போது எங்கே? பிளேஸ்மெண்ட் சதவீதத்தைக் கேட்காதீர்கள். பெயர் பெயராக யார் எங்கே, என்ன வேலை என்று கேளுங்கள். பாதிப் பேர் துறையை விட்டே போய்விட்டார்கள் என்றால் ஏன் என்றும் கேளுங்கள்.

வேலை, சம்பளம்: உள்ளதைச் சொன்னால்

நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் நகரத் திட்டமிடல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் சுமார் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே இல்லை. மாநிலத் திட்டத் துறைகளில் பிளானர்களுக்கு ஒப்புதல் பெற்ற பணியிடங்கள் 4,000க்கும் குறைவு, அதிலும் பாதி காலி. தேவையோ 12,000க்கு மேல். இதைப் படித்ததும் "அப்போ வேலை கொட்டிக் கிடக்கு" என்று தோன்றும். அதே அறிக்கையின் இன்னொரு வரியையும் படிக்கணும்: பல மாநிலங்களில் பிளானர் பதவிக்குப் பிளானிங் டிகிரி கட்டாயத் தகுதியே இல்லை. தேவை இருக்கிறது என்பதும், அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதும் இரண்டு வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புத் துறையின் உதவி இயக்குநர் போன்ற பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வரும் என்று சொல்ல முடியாது. தனியார் கன்சல்டன்சிகள், மெட்ரோ நிறுவனங்கள், சென்னையில் இயங்கும் ஐ.டி.டி.பி. போன்ற தொண்டு நிறுவனங்கள், ரியல் எஸ்டேட் ஆராய்ச்சி என்று மற்ற வாசல்களும் உண்டு. மிஷன் வேலைகளில் ஒரு கவனம் வேண்டும். ஸ்மார்ட் சிட்டி மிஷன் 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்தது. திட்டம் முடிந்தால் அதற்கென்று எடுத்த ஒப்பந்த வேலையும் முடியும்.

ஆரம்பச் சம்பளம், இப்போது கையில் இருக்கிற ஐ.டி. ஆஃபரை விடக் குறைவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. வீட்டில் கல்விக் கடன் இருக்கு, தங்கை படிக்கணும் என்றால் இது சின்ன விஷயம் இல்லை. "பேஷனைத் துரத்து" என்று அறிவுரை சொல்கிற இடமும் இது இல்லை. ஃபீஸ் குறைவான அரசுக் கல்லூரி, அல்லது ஓரிரு வருஷம் வேலை பார்த்துக் கடனைக் குறைத்துவிட்டுச் சேர்வது, இரண்டும் நல்ல வழிதான். வேலை அனுபவத்தோடு வருகிறவர்களுக்கு ஸ்டுடியோவில் பேச விஷயமும் அதிகம் இருக்கும்.

வெளிநாடு போனால்?

அமெரிக்காவில் பி.ஏ.பி. அங்கீகாரம், பிரிட்டனில் ஆர்.டி.பி.ஐ. அங்கீகாரம் இருக்கா என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் பெரும்பாலும் ஒரு வருஷம், அமெரிக்காவில் இரண்டு. அமெரிக்காவில் படித்த பிறகு வேலை பார்க்க ஓ.பி.டி. பன்னிரண்டு மாதம், ஸ்டெம் படிப்பு என்றால் மேலும் இருபத்துநாலு மாதம். பி.இ. முடித்துவிட்டுப் போவதால் நம்ம பிளானிங் படிப்பும் ஸ்டெம் ஆகிவிடாது. அந்தப் படிப்பின் சி.ஐ.பி. கோடு என்ன என்று பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேளுங்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

நெதர்லாந்தில் என்ஷெடேயில் இருக்கும் ஐ.டி.சி., ட்வென்டே பல்கலைக்கழகத்தின் பகுதி. ஜி.ஐ.எஸ்., ரிமோட் சென்சிங் பக்கம் ஆர்வம் இருந்தால் பாருங்கள். ஜெர்மனியில் டார்ட்மண்டின் ஸ்பிரிங் படிப்பு வளரும் நாடுகளின் திட்டமிடலுக்கென்றே உருவானது. முதல் வருஷம் ஜெர்மனியில், இரண்டாம் வருஷம் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில். இதற்கு வேலை அனுபவம் கேட்பார்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். அங்கே படிப்பது அந்த நாட்டின் சட்டம், அந்த நாட்டின் ஊர். திரும்பி வந்தால் புறம்போக்கு என்றால் என்ன என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

யாருக்கு இது வேண்டாம்?

அழகான கட்டடமும் தெருவும் டிசைன் செய்ய ஆசை என்றால், அர்பன் டிசைன் வேறு படிப்பு. கோடிங்கும் செயற்கைக்கோள் படமும் மட்டும் பிடிக்கும் என்றால் ஜியோமேட்டிக்ஸ். நோட்டில் எழுதினால் ஒரே விடை வரணும், அது சரியா தப்பான்னு தெரியணும் என்று நினைப்பவர்களுக்கு ஸ்ட்ரக்சுரல் நிம்மதியாக இருக்கும். பிளானிங்கில் ஒரு திட்டத்தால் நூறு பேருக்கு நல்லது, பத்துப் பேருக்குக் கெட்டது என்று வரும். அந்தப் பத்துப் பேர் கூட்டத்தில் எழுந்து நின்று உங்களிடம் கேள்வி கேட்பார்கள். இங்கிலீஷில் இல்லை, தமிழில். இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு "ஃப்ளட்பிளெய்ன்" என்று சொல்லத் தெரிந்த நமக்கு, "தாங்கல்", "கலங்கல்", "வெள்ள வாரி" என்று ஊரில் சொல்வது புரியவில்லை என்றால் அவர் சொல்கிற பாதித் தகவலை நாம் தவறவிடுவோம். இதைப் படிக்க நினைப்பவர்கள் தமிழையும் ஒரு சாஃப்ட்வேர் ஸ்கில் மாதிரி நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு வார இறுதியில் செய்து பார்க்க ஒரு டெஸ்ட்

அப்ளிகேஷன் போடும் முன் இதைச் செய்யுங்க. செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான்.

உங்கள் ஊரில் அல்லது கல்லூரி பக்கத்தில் ஓர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களை நகர்த்திப் பாருங்கள். கரைக்குள் எப்போது முதல் வீடு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் இ-சேவை தளத்தில் அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தைப் பாருங்கள். சென்னை பெருநகரப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. தளத்தில் அதே எண்ணுக்கு மாஸ்டர் பிளானில் என்ன பயன்பாடு போட்டிருக்கிறார்கள் என்று தேடலாம். கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம், அதில் இந்த மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பிறகு நேரில் போங்கள். வரத்து வாய்க்கால் எங்கே வந்து நிற்கிறது என்று நடந்து கண்டுபிடியுங்கள். டீக்கடையில் வயதானவர் ஒருவரிடம் 2015இல் தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று கேளுங்கள்.

ஆவணம் ஒன்று சொல்லும், மேப் ஒன்று சொல்லும், அவர் ஒன்று சொல்வார். மூன்றும் பொருந்தாது. அந்த இடத்தில் உங்களுக்குச் சலிப்பு வந்தால் நல்லது, ரெண்டு வருஷம் மிச்சம். "இது ஏன் பொருந்தல?" என்று ராத்திரி படுக்கும்போதும் ஓடிக்கிட்டே இருந்தால், கேட் ஏ.ஆர். பேப்பர் சிலபஸை டவுன்லோடு பண்ணிடுங்க.

கடைசியாக, படிக்கப் போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2008இல் வந்த சென்னையின் இரண்டாம் மாஸ்டர் பிளான் 2026 வரைக்கானது. மூன்றாவது, 2046 வரைக்குமானது. பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் ஆணை வந்தது. நம்மில் பலருடைய ஊர் இதற்குள் வருகிறது. ஒரு மாஸ்டர் பிளானை இறுதி செய்யும் முன் வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதை எழுத எம்.பிளான் தேவையில்லை. உங்கள் ஊரின் சர்வே எண்ணும், மேலே சொன்ன வார இறுதி நடையும் போதும். 2046இல் நமக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். வீடு வாங்கி, ஈ.எம்.ஐ. கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்போம். அந்த வீடு எந்த நிறத்தில் நிற்கும் என்பதை இப்போதுதான் முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.